ஜோடித் தரவுக்கு எந்தச் சோதனை? முதலில் கழித்துப் பாருங்கள்

கேள்வி இதுதான். எட்டு நோயாளிகள். ஒவ்வொருவரிடமிருந்தும் கட்டித் திசு ஒன்று, அதை ஒட்டிய நல்ல திசு ஒன்று. இரண்டிலும் ஒரு நொதியின் அளவைப் பார்த்திருக்கிறீர்கள், ஒவ்வொரு மாதிரியையும் மூன்று முறை. எண்கள் இயல்நிலைப் பரவலில், அதாவது சராசரியைச் சுற்றி மணி வடிவில், அமைந்திருக்கின்றனவா என்று பார்ப்பது ஷப்பிரோ–வில்க் சோதனை. கட்டித் திசு எண்களுக்கு அதைப் போட்டால் பி மதிப்பு 0.03 வருகிறது (சோதிக்கும் அனுமானம் சரியாக இருந்தும் தற்செயலாக இவ்வளவு விலகல் வருவதற்கான வாய்ப்புதான் பி மதிப்பு; வழக்கமாக 0.05-ஐக் கோடாக வைப்பார்கள்). 'இயல்நிலைப் பரவல் இல்லை, மான்–விட்னி போடு' என்கிறார் ஒருவர். 'வில்காக்சன் போடு' என்கிறார் இன்னொருவர். வழிகாட்டியோ 'பேசாமல் டி-சோதனையே போதும்' என்கிறார். யார் சொல்வது சரி?

மான்–விட்னியை முதலில் ஒதுக்கிவிடலாம். அது இரண்டு தனித்தனிக் குழுக்களுக்கானது: இங்கே எட்டுப் பேர், அங்கே வேறு எட்டுப் பேர். உங்களிடம் பதினாறு பேர் இல்லை, எட்டே பேர்தான். மற்ற இரண்டில் எது என்பதை அந்த 0.03-ஐ வைத்து முடிவு செய்ய முடியாது. ஏனென்றால் ஷப்பிரோ–வில்க்கைப் போட வேண்டிய எண்களுக்குப் போடாமல் வேறு எண்களுக்குப் போட்டிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஜோடியா இல்லையா என்பது எண்களைப் பார்த்துத் தெரிந்துகொள்வதல்ல, ஆய்வு நடந்த விதத்திலேயே இருப்பது. ஒரே எலியை மருந்துக்கு முன்னும் பின்னும் அளந்தால் ஜோடி. ஒருவருடைய இடது கண்ணும் வலது கண்ணும் ஜோடி. ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளில் ஒன்றுக்கு மருந்து, மற்றொன்றுக்கு வெறும் உப்புநீர் என்றாலும் ஜோடி. ஒரே நாளில் ஒரே குடுவையிலிருந்து பிரித்த செல்களும் அப்படியே. சந்தேகம் வந்தால் நான் என்னையே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: ஒரு பத்தியில் உள்ள எண்களை மட்டும் சீட்டுக்கட்டுபோலக் கலைத்துவிட்டால் ஏதாவது தகவல் தொலைகிறதா? தொலைகிறது என்றால் ஜோடி. உங்கள் கட்டித் திசுப் பத்தியைக் கலைத்தால் யாருடைய கட்டி யாருடையது என்பதே போய்விடும்.

இந்தத் தகவலை வீணடித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய தரவு இருக்கிறது. டப்ளினில் கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்த வில்லியம் சீலி கோசெட், 1908-ல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் டி-சோதனைக்கு அடித்தளமான கட்டுரையை வெளியிட்டார். அதில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணமே ஜோடித் தரவுதான்: பத்து நோயாளிகள், இரண்டு தூக்க மருந்துகள், ஒவ்வொரு மருந்திலும் ஒவ்வொருவரும் வழக்கத்தைவிட எத்தனை மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்ற கணக்கு. முதல் மருந்தில் சராசரி 0.75 மணி, இரண்டாவதில் 2.33 மணி. இதைத் தனித்தனிக் குழுக்களாக நினைத்து டி-சோதனை போட்டால் பி மதிப்பு 0.08 அளவில் நிற்கிறது. மான்–விட்னி போட்டால் 0.07. இரண்டுமே 'ஒன்றும் சொல்வதற்கில்லை' ரகம். ஆனால் ஒவ்வொருவருக்கும் இரண்டாவது எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்துவிட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இரண்டாவது மருந்தில் தூக்கம் கூடியிருக்கிறது, ஒருவருக்கு இரண்டிலும் ஒரே அளவு. ஜோடி டி-சோதனையில் டி மதிப்பு 4.06, பி மதிப்பு 0.003.

எண்கள் அதே எண்கள்தான். பிறகு எங்கிருந்து வந்தது இந்த வித்தியாசம்? நோயாளிக்கு நோயாளி தூக்கம் ரொம்பவே மாறுகிறது: ஒவ்வொரு மருந்திலும் திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) 1.8, 2.0 மணி என்று இருக்கிறது. அந்த இரைச்சலில் 1.58 மணி வித்தியாசம் மூழ்கிவிடுகிறது. ஆனால் நன்றாகத் தூங்குகிறவர் இரண்டு மருந்திலும் நன்றாகத் தூங்குகிறார். இரண்டு பத்திகளுக்கும் இடையே ஒட்டுறவு (சேர்ந்தே ஏறி இறங்கும் அளவு, முழுமையானால் 1) 0.8-ஐத் தொடுகிறது. கழித்தவுடன் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடு இரண்டு பக்கமும் அடிபட்டுப் போய், வித்தியாசங்களின் திட்ட விலக்கம் 1.23-ஆகச் சுருங்குகிறது. ஜோடிச் சோதனையின் சூட்சுமம் இவ்வளவுதான். அது இரண்டு பத்திகளைப் பார்ப்பதே இல்லை, வித்தியாசங்கள் என்ற ஒரே ஒரு பத்தியைப் பார்க்கிறது. 'இந்த வித்தியாசங்களின் மையம் சுழியா?' என்று கேட்கிறது.

இதைப் படித்துவிட்டு 'ஜோடி போட்டால் எப்போதும் பி மதிப்பு குறையும்' என்று நினைத்துவிடாதீர்கள். நேர்மாறான உதாரணமும் அதே அளவு புகழ்பெற்றது. சார்லஸ் டார்வின் மக்காச்சோளத்தில் அயல் மகரந்தச் சேர்க்கையால் வந்த செடியையும் தன் மகரந்தச் சேர்க்கையால் வந்த செடியையும் ஜோடி ஜோடியாக வளர்த்து, 15 ஜோடிகளின் உயரத்தை அளந்து 1876-ல் வெளியிட்டார். 1935-ல் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் அந்த எண்களை எடுத்து விரிவாக அலசினார். சராசரி வித்தியாசம் 2.6 அங்குலம், அயல் சேர்க்கைச் செடிகளுக்குச் சாதகமாக. ஜோடி டி-சோதனையின் பி மதிப்பு 0.0497. ஜோடியை மறந்துவிட்டுத் தனிக்குழு டி-சோதனை போட்டால் 0.02! காரணம், இந்தத் தரவில் ஜோடிகளுக்குள் ஒட்டுறவு எதிர்மறையாக, −0.33 அளவில் அமைந்துவிட்டது. கழித்தபோது இரைச்சல் குறையவில்லை, கூடியது. சரி, அப்படியானால் 0.02-ஐ எழுதிவிடலாமா? கூடாது. ஜோடியாக நட்டதால் ஜோடியாகத்தான் அலச வேண்டும். எது சிறிய பி மதிப்பைத் தருகிறது என்று பார்த்துச் சோதனையைத் தேர்ந்தெடுத்தால், அந்த பி மதிப்புக்கு அர்த்தமே இல்லாமல் போகிறது.

டார்வினின் எண்களை இன்னும் கொஞ்சம் நோண்டலாம், உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு அது உதவும். அதே 15 வித்தியாசங்களுக்கு வில்காக்சன் சோதனை 0.041 தருகிறது. எத்தனை கூட்டல், எத்தனை கழித்தல் என்று மட்டும் எண்ணுகிற குறிச் சோதனை 0.007 தருகிறது. ஃபிஷர் செய்ததுபோல ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் கூட்டல் குறியோ கழித்தல் குறியோ எல்லா விதத்திலும் மாற்றிப் போட்டு, மொத்தம் 32,768 சேர்க்கைகளையும் கணக்கிட்டால் 0.053. ஒரே தரவு, 0.05 என்ற கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விடைகள். 15-ல் 13 ஜோடிகளில் அயல் சேர்க்கைச் செடியே உயரம், அதனால் குறிச் சோதனைக்கு ஒரே உற்சாகம். ஆனால் மீதி இரண்டு ஜோடிகளில் அது 8 அங்குலத்துக்கு மேலும் 6 அங்குலமும் குட்டையாக இருந்தது. குறிச் சோதனைக்கு அது தெரியாது. டி-சோதனைக்கு நன்றாகவே தெரியும், அதனால் தயங்குகிறது. வில்காக்சன் நடுவில் நிற்கிறது. ஒவ்வொன்றும் சற்றே வேறு கேள்வியைக் கேட்கிறது. எனக்கு இந்த பி மதிப்புகளைவிட, அந்த இரண்டு ஜோடிகளிலும் அயல் சேர்க்கைச் செடி சரியாக 12 அங்குலமே வளர்ந்திருந்தது என்பதுதான் ஆர்வமூட்டுகிறது. நானாக இருந்தால் முதலில் அந்த இரண்டு செடிகளுக்கு என்ன ஆயிற்று என்று குறிப்பேட்டைத் தேடியிருப்பேன்.

இப்போது உங்கள் 0.03. ஜோடி டி-சோதனைக்கு இயல்நிலைப் பரவல் தேவைப்படுவது வித்தியாசங்களுக்கு மட்டுமே. கட்டித் திசு எண்கள் எப்படி வேண்டுமானாலும் கோணலாக இருக்கட்டும், நல்ல திசு எண்களும் இருக்கட்டும், கழித்து வரும் எட்டு எண்கள் ஒழுங்காக இருந்தால் போதும். அதனால் ஷப்பிரோ–வில்க் போட வேண்டுமென்றால் அந்த எட்டு எண்களுக்குப் போடுங்கள். போட்டாலும் பெரிதாக நம்ப வேண்டாம். எட்டு எண்களில் அந்தச் சோதனைக்குப் பார்வை மங்கல், உண்மையான கோணலைக்கூட அது பெரும்பாலும் தவறவிடும். எண்ணூறு எண்களில் அதற்குப் பார்வை ரொம்பக் கூர்மை, பொருட்படுத்தத் தேவையில்லாத கோணலையும் பிடித்துக்கொண்டு கூச்சலிடும். தேவைப்படும் இடத்தில் உதவாது, உதவும் இடத்தில் தேவையில்லை. 'முதலில் ஷப்பிரோ, தேறினால் டி, தேறாவிட்டால் வில்காக்சன்' என்ற பாட்டு எல்லா ஆய்வகங்களிலும் ஓடுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எட்டுப் புள்ளிகளையும் ஒரு கோட்டில் வைத்துக் கண்ணால் பாருங்கள். ஒன்று மட்டும் கூட்டத்தைவிட்டு எங்கோ தள்ளி நிற்கிறதா, எல்லாம் ஒரே பக்கம் இழுக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

பெரும்பாலும் இழுக்கத்தான் செய்யும். உயிரியல் அளவுகளில் மாற்றம் கூட்டலாக வருவதைவிடப் பெருக்கலாக வருவதே அதிகம். ஒருவருக்கு நல்ல திசுவில் 10, கட்டியில் 20 என்றும், இன்னொருவருக்கு 100, 200 என்றும் வைத்துக்கொள்வோம். நடந்தது இருவருக்கும் ஒன்றுதான், நொதி இரட்டிப்பாகியிருக்கிறது. ஆனால் கழித்தால் முதலாமவருக்கு 10, இரண்டாமவருக்கு 100. இரண்டாமவர் தனியாளாகச் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடுவார். லாக் எடுத்துவிட்டுக் கழியுங்கள், 2-ஐ அடிமானமாக வைத்தால் இருவருக்குமே வித்தியாசம் 1. நொதி, ஹார்மோன், புரத அளவு, வைரஸ் எண்ணிக்கை போன்ற, எப்போதும் சுழிக்கு மேலேயே இருக்கும் எண்களுக்கு என் முதல் தேர்வு இதுதான்: லாக் எடு, கழி, டி-சோதனை போடு. வில்காக்சனுக்கு ஓடுவதற்கு முன்னால் இதைச் செய்து பார்த்தால், பாதி நேரம் கோணல் தானாகவே போய்விடும். விடையையும் 'கட்டியில் சராசரியாக இத்தனை மடங்கு' என்று சொல்ல முடிகிறது, மருத்துவர்களுக்கும் அதுதான் புரியும். ஒரு விதிவிலக்கு: மரபணு நகல்களைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கி அளக்கும் க்யூபிசிஆர் தரும் சிடி மதிப்பு (எத்தனையாவது சுற்றில் சைகை தெரிந்தது என்ற எண்) ஏற்கெனவே லாக் அளவுதான். அதற்கு மறுபடியும் லாக் எடுக்காதீர்கள், அப்படியே கழியுங்கள்.

இதோடு சேர்த்து ஒரு கெட்ட பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். புரத அளவைப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் ஒவ்வொரு முறையும் கட்டுப்பாட்டுப் பட்டையை 1 என்று வைத்துக்கொண்டு, மருந்து கொடுத்த பட்டையை 1.8, 2.3, 1.4 என்று எழுதுவார்கள். பிறகு 1, 1, 1 என்ற பத்தியோடு மற்ற பத்தியைத் தனிக்குழு டி-சோதனையில் ஒப்பிடுவார்கள். திட்ட விலக்கமே இல்லாத குழு உலகத்தில் எங்கும் கிடையாது. வகுத்த அந்தக் கணமே நீங்கள் ஜோடி சேர்த்துவிட்டீர்கள். விகிதங்களுக்கு லாக் எடுத்து, அவற்றின் சராசரி சுழியா என்று ஒருகுழு டி-சோதனை போட்டால் சரி. அதுவும் லாக் எடுத்த ஜோடி டி-சோதனையும் ஒன்றேதான்.

வில்காக்சன் எப்போது? வேதியியலாளரான ஃபிராங்க் வில்காக்சன் 1945-ல் வெளியிட்ட முறை இது. வித்தியாசங்களைக் குறி பார்க்காமல் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தித் தர எண் கொடுத்து, பிறகு குறியைத் திரும்ப ஒட்டிக் கூட்டுகிறது. ஒரு வித்தியாசம் தாறுமாறாகப் பெரிதாக இருந்தாலும் அதற்குக் கிடைப்பது கடைசித் தர எண் மட்டுமே, அதனால் அது ஆட்டம் போட முடியாது. வலி 0 முதல் 10 வரை, திசுச் சேதம் 0 முதல் 4 வரை என்பதுபோல மதிப்பெண் கொடுக்கும் அளவுகளுக்கும், லாக் எடுத்த பிறகும் ஓரிரு புள்ளிகள் அடங்காத தரவுக்கும் அது பொருத்தம். உண்மையில் இயல்நிலைப் பரவல் இருந்துவிட்டாலும் நஷ்டம் சொற்பம்: பெரிய மாதிரிகளில் டி-சோதனையோடு ஒப்பிட்டால் அதன் திறன் 95 சதவீதத்துக்கு மேல். ஆனால் 'அதற்கு எந்த நிபந்தனையும் கிடையாது' என்று பலர் நினைப்பது தவறு. அதன் விடையை இடைநிலை வித்தியாசம் (வரிசையின் நடு எண்) பற்றிய விடையாகப் படிக்க வேண்டுமென்றால், வித்தியாசங்கள் மையத்தின் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி பரவியிருக்க வேண்டும். ஒரு பக்கமாக நீண்ட வாலோடு இருந்தால் வில்காக்சனும் தடுமாறும். அப்போது கைகொடுப்பது லாக் அல்லது அந்த எளிய குறிச் சோதனை.

மாதிரி அளவு சிறியதாக இருக்கும்போது இன்னொரு பொறி உண்டு. ஐந்து ஜோடிகள் இருந்து, ஐந்திலும் மாற்றம் ஒரே திசையில் இருந்தாலும், வில்காக்சனில் இருபக்கச் சோதனையின் மிகச் சிறிய பி மதிப்பு 2/32, அதாவது 0.0625. தரவு எவ்வளவு அருமையாக இருந்தாலும் 0.05-க்குக் கீழே போகவே முடியாது. ஆறு ஜோடி இருந்தால் 0.031 வரை இறங்கலாம், உங்கள் எட்டுக்கு 0.008 வரை. ஐந்து எலிகளை வைத்துக்கொண்டு வில்காக்சன் போட்டு 'மாற்றம் இல்லை' என்று எழுதிய ஆய்வேடுகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பரீட்சையில் தேற வழியே இருக்கவில்லை என்பது எழுதியவருக்குத் தெரியவில்லை, பாவம். அப்புறம், வித்தியாசம் சுழியாக வரும் ஜோடிகளைப் பெரும்பாலான மென்பொருள்கள் சத்தமில்லாமல் நீக்கிவிடும். கோசெட்டின் பத்துப் பேர் அங்கே ஒன்பதாகிவிடுவார்கள். மதிப்பெண் அளவுகளில் இப்படி நிறைய ஜோடிகள் காணாமல் போகும், அதைக் கட்டுரையில் குறிப்பிட வேண்டும்.

மூன்று முறை அளந்தீர்களே, அதை என்ன செய்வது? 8 × 3 = 24 ஜோடி என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். உயிரியல் கட்டுரைகளில் நான் அதிகம் பார்க்கும் பிழை, சோதனையைத் தவறாகத் தேர்ந்தெடுப்பதைவிடவும் மோசமான பிழை, இதுதான். சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-ல் இதைப் போலிப் பிரதிகள் என்ற பொருள்படும் பெயர் சூட்டி வறுத்தெடுத்தார். இன்னும் நின்றபாடில்லை. ஒரே மாதிரியை மூன்று முறை அளந்தால் உங்கள் கருவி எவ்வளவு நிதானமானது என்பது தெரியும், மனிதர்கள் எவ்வளவு மாறுபடுகிறார்கள் என்பது தெரியாது. லாக் எடுத்து மூன்றையும் சராசரியாக்கி ஒரே எண்ணாக்குங்கள். எண்ணிக்கை எட்டுதான். ஒரு எலியின் மூளையிலிருந்து நூறு நரம்பு செல்களை அளந்தாலும் இதே கதை. எலியே அலகு.

அளவுக்குப் பதிலாக 'உண்டு, இல்லை' என்ற விடையென்றால் ஆட்டம் வேறு. நூறு மாதிரிகளை இரண்டு பரிசோதனை முறைகளிலும் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 60-ல் இரண்டுமே 'உண்டு', 25-ல் இரண்டுமே 'இல்லை', 12-ல் முதல் முறை மட்டும் 'உண்டு', 3-ல் இரண்டாவது மட்டும் 'உண்டு'. தனித்தனிக் குழுக்களின் எண்ணிக்கைகளை ஒப்பிடும் வழக்கமான கை-வர்க்கச் சோதனை இங்கே பொருந்தாது. குவின் மெக்னெமர் 1947-ல் சொன்ன வழி: ஒத்துப்போன 85 மாதிரிகளும் எந்த முறை கூடுதலாகக் கண்டுபிடிக்கிறது என்ற கேள்விக்கு ஒன்றும் சொல்வதில்லை, முரண்பட்ட 15 மட்டுமே பேசும். 12-க்கு 3 என்பது நாணயம் சுண்டிப் போட்டதுபோல வந்திருக்குமா? துல்லியக் கணக்கில் பி மதிப்பு 0.035. முரண்பட்ட ஜோடிகள் இவ்வளவு குறைவாக இருக்கும்போது தோராயச் சூத்திரத்தைவிட இந்தத் துல்லியக் கணக்கே மேல்.

இரண்டு முறைக்கு மேல் அளந்திருந்தால், உதாரணமாக 0, 1, 4, 12 வாரங்களில், ஜோடி ஜோடியாகப் பிரித்து ஆறு டி-சோதனை போட வேண்டாம். ஒரே ஆளைப் பலமுறை அளந்த சராசரிகளை ஒன்றாக ஒப்பிடும் மீள் அளவு அனோவா, அல்லது தர எண்களை வைத்து ஒப்பிடும் ஃப்ரீட்மன் சோதனை அதற்கானவை. ஆனால் யாரோ ஒருவர் ஒரு வாரம் வராமல் போயிருப்பார், அவருடைய மொத்தத் தரவையும் இவை தூக்கிப்போட்டுவிடும். கலப்பு விளைவு மாதிரிகள் இருப்பதை வைத்துக்கொண்டு சமாளிக்கும், கொஞ்சம் மெனக்கெட்டுக் கற்றுக்கொள்வது நல்லது.

மருந்துக் குழு, மருந்தில்லாக் குழு என்று இரண்டு குழுக்களை முன்பின் அளந்தவர்களும் இந்தக் கேள்வியோடு வருவார்கள். 'மருந்துக் குழுவில் ஜோடி டி-சோதனை 0.03, மற்றதில் 0.20, ஆகவே மருந்து வேலை செய்கிறது' என்பது வாதமே அல்ல. இரண்டு குழுக்களின் மாற்றத்தையும் நேருக்கு நேர் ஒப்பிட வேண்டும். முதல் அளவைத் துணை மாறியாக வைத்துச் செய்யும் அன்கோவா அதற்குச் சிறந்த வழி. ஒப்பிட ஒரு குழுவே இல்லாமல், ரத்த அழுத்தம் அதிகமாக இருந்தவர்களை மட்டும் பொறுக்கியெடுத்து முன்பின் அளந்தால், மருந்தே கொடுக்காவிட்டாலும் இரண்டாவது அளவு சராசரியை நோக்கி இறங்கும். எந்தச் சோதனையாலும் அதைச் சரிசெய்ய முடியாது. பழைய கருவியும் புதிய கருவியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க ஜோடி டி-சோதனை போடுகிறவர்களுக்கு ஒரு வரி: அது சராசரிச் சாய்வைத்தான் பார்க்கும், ஒவ்வொரு ஜோடியின் வித்தியாசத்தையும் அதன் சராசரிக்கு எதிரே வைக்கும் பிளாண்ட்–ஆல்ட்மன் வரைபடம் போடுங்கள்.

சரி, உங்கள் எட்டுப் பேர். லாக் எடுங்கள், மும்முறை அளவுகளைச் சுருக்குங்கள், கழியுங்கள், எட்டுப் புள்ளிகளையும் பாருங்கள். அடக்கமாக இருந்தால் உங்கள் வழிகாட்டி சொன்ன டி-சோதனை, ஆனால் ஜோடி டி-சோதனை. ஏதாவது ஒன்று முரண்டு பிடித்தால் வில்காக்சன். எதைப் போட்டாலும் பி மதிப்போடு நிறுத்தாதீர்கள். 2-ஐ அடிமானமாகக் கொண்ட லாக்கில் சராசரி வித்தியாசம் 0.8, திட்ட விலக்கம் 0.6 என்று வந்தால், திட்டப் பிழை (திட்ட விலக்கத்தை 8-ன் வர்க்கமூலத்தால் வகுத்தது) 0.21. அதை டி-அட்டவணையில் எட்டு ஜோடிகளுக்கு உள்ள 2.365-ஆல் பெருக்கினால் 0.5. ஆக 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 0.3 முதல் 1.3 வரை. லாக்கைத் திருப்பினால் கட்டியில் நொதி 1.74 மடங்கு, இடைவெளி 1.2 முதல் 2.5 மடங்கு வரை. படத்தில் இரண்டு பட்டைகளை வரையாமல், ஒவ்வொரு நோயாளிக்கும் நல்ல திசுவிலிருந்து கட்டிக்கு ஒரு கோடு இழுங்கள். எட்டுக் கோடுகளும் ஏறுகின்றனவா, ஏழு ஏறி ஒன்று சரிகிறதா என்பது பார்த்தவுடன் தெரியும்.

கழிப்பதற்கு முன் கோப்பை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை விரிதாளில் ஒரு பத்தியைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினேன், அடுத்த நாள் மற்ற பத்தியையும் தனியாக அடுக்கினேன். சராசரி வித்தியாசம் அப்படியே இருந்தது, மாறவில்லை. ஆனால் சின்னது சின்னதோடும் பெரியது பெரியதோடும் சேர்ந்துகொண்டதால் வித்தியாசங்களின் திட்ட விலக்கம் சுருங்கி, பி மதிப்பு அதிசயமாகக் கீழே போய்விட்டது. இரண்டு நாள் சந்தோஷமாகத் திரிந்தேன். நோயாளி எண்ணை முதல் பத்தியில் வைத்து, யாராவது இரண்டு பேருக்கு மூலக் குறிப்பேட்டிலிருந்து கையால் கழித்து, மென்பொருள் தந்த வித்தியாசத்தோடு ஒப்பிட்டுவிட்டு மேலே போங்கள்.